தூசியம்மாவின் ஒன்றரை மில்லிமீட்டர்

தூசியம்மா என்று அவளுக்குப் பேர் வைத்தது நான்தான். எங்கள் ஆராய்ச்சி நிலையத்து மூன்றாவது மாடிக்காரர்கள் தாங்கள் வைத்ததாகப் பெருமையடித்துக்கொள்கிறார்கள், அது சுத்தப் பொய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், நான் கடைந்து கொண்டுபோன பித்தளைத் தாங்கியைக் கையில்கூட வாங்காமல், "இதுல எண்ணெய் இருக்கு, தூசி இருக்கு, உன் கைரேகையும் இருக்கு. கழுவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினாள். மூன்று தடவை கழுவினேன். நாலாவது தடவை டார்ச் அடித்துப் பார்த்து, மனசில்லாமல் வாங்கிக்கொண்டாள். எரிச்சலோடு பட்டறைக்குத் திரும்பி, "யாருப்பா அந்தத் தூசியம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. நேரில் மட்டும் அக்கா.

நான் ஆராய்ச்சி நிலையத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவள் அடித்தளத்தில் இருக்கும் லேசர் அறைக்குப் பொறுப்பு. தையற்காரர் மகள். பள்ளிப் படிப்போடு நின்றவள், லென்ஸ் துடைக்கிற தற்காலிக வேலைக்கு வந்தாள். அப்புறம் லென்ஸை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டாள், அப்புறம் எங்கே வைக்கக் கூடாது என்று பேராசிரியருக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். படித்தவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். லேசர் சாமான்கள் நிற்கிற அந்த மேசையில் எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

சந்தேகம் என்றால் சாதாரணச் சந்தேகம் இல்லை. அறைக்குள் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சட்டையை முகர்ந்து பார்ப்பாள், பவுடர் போட்டிருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். ஏசி மெக்கானிக் வந்து போன பிறகு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க ஏசிக் காற்று வருகிற ஓட்டையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுவாள். துப்புரவுக்காரர் மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் துடைப்பம் போடலாம், அதுவும் அவள் நின்று பார்க்கும்போது. வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நல்ல மனுஷன். "செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்குன்றத வச்சே நான் எங்க போயிட்டு வந்தேன்னு சொல்லிடுவா. முப்பது வருஷமா பஸ்ல ஆயிரம் பேர ஏமாத்த விடாம பாத்தவன் நான், என்னையே கழட்டி மாட்டிடுவா" என்பார்.

அந்த அறையில் என்னதான் செய்கிறார்கள்? எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். மூலக்கூறு என்பது அணுக்கள் கைகோத்து நிற்கிற ஒரு சின்னக் கூட்டம். அந்தக் கைகள் எப்போதும் நீண்டு சுருங்கி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் படம் பிடிக்கத்தான் லேசர். முதலில் ஒரு மின்னல் போய் மூலக்கூறை உதைக்கும், பின்னாலேயே இரண்டாவது மின்னல் போய் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு வரும். ஆட்டம் எவ்வளவு வேகம் தெரியுமா? ஒரு வினாடியைக் கோடிக் கூறு போட்டு, அதில் ஒரு கூறை மறுபடி பத்துக் கோடிக் கூறு போட்டால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. சில நூறு ஃபெம்டோவில் மூலக்கூறு ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிடும். இவ்வளவு சின்ன நேரத்தை எந்தக் கடிகாரமும் காட்டாது. அதனால் இவர்கள் தூரத்தை வைத்து நேரத்தை அளக்கிறார்கள். இரண்டாவது மின்னல் போகிற வழியில் தள்ளுகண்ணாடி என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பின்னால் தள்ளினால், வெளிச்சம் போக வர அந்தத் தூரம் கூடி, ஆறேழு ஃபெம்டோ தாமதமாக வரும். நான் லேத்காரன், ஆயிரத்தில் ஒரு பங்கு எனக்குப் புதுசில்லை. ஆனால் அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. வெளிச்சம் போகிற வழியில் எந்தக் கண்ணாடித் துண்டு நின்றாலும், அதற்குள் கொஞ்சம் வெளிச்சம் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, தாமதமாக வெளியே வரும். இதை அவர்கள் பேய் என்பார்கள். உண்மையான மின்னலுக்குப் பின்னால் நிழல் மாதிரி ஒரு பேய் மின்னல் வந்து மூலக்கூறை இன்னொரு தடவை லேசாக உதைத்துவிட்டுப் போகும். பார்ப்பவர்கள் அதை மூலக்கூறின் சொந்த ஆட்டம் என்று நம்பி ஏமாறுவார்கள்.

பேய் விரட்டத்தான் தூசியம்மாவின் நோட்டு. பச்சை அட்டை. மேசையில் இருக்கிற நாற்பத்து மூன்று சாமான்களும் அதில் வரிசையாக இருக்கும். எது வந்தாலும், போனாலும், நகர்ந்தாலும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை பேராசிரியர் ஒரு திரையைச் சாய்த்துவிட்டு எழுத மறந்து போய்விட்டார். மறுநாள் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கே போய், வாசலில் நின்று நோட்டை நீட்டினாள். அவர் மாணவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்படியாப்பட்டவள்.

அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். ஒல்லியான பெண், அதிகம் பேச மாட்டாள், பேசினால் வாக்கியத்தை முடிக்க மாட்டாள். ஐந்தாவது வருஷம். அவள் ஒரு மூலக்கூறில் விசித்திரமான ஒன்றைக் கண்டாள். உதைத்ததும் அது ஆடுகிறது, ஆட்டம் அடங்குகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, வெகு நேரம் கழித்து மறுபடி லேசாக ஆடுகிறது. வெகு நேரம் என்றால் பத்தாயிரம் ஃபெம்டோ. முதல் ஆட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை இந்த இரண்டாவது ஆட்டம், ஆனால் சுத்தமாக, தினமும், அதே இடத்தில். இரண்டு வாரம் முன்பு வேறொரு மூலக்கூறை வைத்து அளந்தபோது இப்படி எதுவும் வரவில்லை. இடையில் மேசையில் எதுவும் மாறவில்லை என்று பச்சை நோட்டு சொன்னது. அப்படியென்றால் இது மூலக்கூறின் குணம்தான். கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் இரண்டு நாட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்த ஆட்டத்தைக் கண்டதிலிருந்து பத்து மாதம் அந்தப் பெண் அந்த ஒரு மூலக்கூறையே கட்டிக்கொண்டு மாரடித்தாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. இன்னொரு நாட்டு ஆய்வகம், அதே மூலக்கூறு, நம்மைவிட நல்ல லேசர். 'நீங்கள் சொல்லும் இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. உங்கள் எண்கள் எப்படிக் கிடைத்தன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். ஆனால் கடைசி வரியை யார் படித்தாலும் ஒன்றுதான் தோன்றும்.

அந்த நிமிஷத்திலிருந்து கட்டடத்தின் காற்றே மாறிவிட்டது. பேராசிரியர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அவள் கணினியை வாங்கிப் பூட்டி வைத்தார். விசாரணை முடிகிறவரை லேசரை ஏற்றக் கூடாது, அவள் அறைக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. அடுத்த வாரம் புதன்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வரும். எண்களை அவளே கையால் போட்டிருக்கிறாள் என்று குழு சொல்லிவிட்டால் பட்டம் கிடையாது, ஐந்து வருஷம் போச்சு, எந்த ஆய்வகத்திலும் அவளை வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். நடைபாதையில் அவள் வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றால் அந்த இடம் காலியானது. நானும்தான் நகர்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

இதற்கெல்லாம் நெருப்பு வைத்தது தூசியம்மா. கடிதம் வந்த அன்றே பேராசிரியர் அவளைக் கேட்டிருக்கிறார்: "மேசைல ஏதாவது தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?" அவள் நோட்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்திருக்கிறாள். "மேசை சுத்தம் சார். மேசைக்கு வெளியில பாருங்க. அந்தப் பொண்ணு ஆறு மாசமா என் கண்ணப் பார்த்துப் பேசறதில்ல. அவமேல ஒரு கண்ணு வைங்க." இதை அவளே என்னிடம் சொன்னாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே.

"ஏங்க்கா, அந்தப் பொண்ணு யார் கண்ணையுமே பார்க்காதே" என்றேன்.

"அதான் சொல்றேன்."

இவளோடு வாதாடி யார் ஜெயித்தார்கள்?

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, சந்தேகத்தில் அவளுக்குப் பாரபட்சம் கிடையாது. பெண்ணைச் சந்தேகப்பட்டாள், ஏசி மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டாள், போன வருஷம் லேசரைப் பழுது பார்க்க வந்த கம்பெனி ஆளைச் சந்தேகப்பட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அறையைத் தனியாகப் பூட்டிக்கொண்டு, டார்ச்சும் நோட்டுமாக நாற்பத்து மூன்று சாமானையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. எதிலும் பேய் வர வழியில்லை.

வியாழக்கிழமை காலையில் என் பட்டறைக்கு வந்தாள். முகமே சரியில்லை. என்னை அவள் கூப்பிடுவது பட்டறை என்றுதான்.

"பட்டறை, நீ எனக்குப் பண்ணிக்குடுத்த ஸ்குரூவெல்லாம் என்ன மரை?"

"எதுக்குக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒன்றரை மில்லிமீட்டர் மரை ஏதாவது போட்டியா?"

விஷயம் இதுதான். அந்த இரண்டாவது ஆட்டம் வருகிற இடத்தைத் தள்ளுகண்ணாடியின் அளவுகோலில் பார்த்திருக்கிறாள். முதல் ஆட்டத்திலிருந்து சரியாக ஒன்றரை மில்லிமீட்டர். "ஒண்ணு புள்ளி அஞ்சு. ஒண்ணு புள்ளி நாலு ஏழு இல்ல, அஞ்சு மூணு இல்ல. கடவுள் பண்ண மூலக்கூறு இவ்ளோ ரவுண்டா கணக்குப் பேசுமா? இது மனுஷன் பண்ண அளவு. பட்டறை அளவு" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷம் இவளுக்குக் கடைந்து கொடுத்திருக்கிறேன், ஒரு ஸ்குரூ தவறியதில்லை. "அப்ப இப்ப என் முறையா? ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டு முடிச்சிட்டு என்கிட்ட வந்திருக்கீங்களா?" என்று கத்திவிட்டேன். அலமாரியைத் திறந்து அவளுக்காகச் செய்த எல்லாவற்றின் வரைபடத்தையும் எடுத்து மேசையில் போட்டேன். ஒன்றிலும் ஒன்றரை மரை இல்லை. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், மடித்து வைத்தாள், "தப்பா எடுத்துக்காத" என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அவள் போன பிறகு கோபம் தீரச் சுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எதைச் செய்தாலும் ஜோடியாகத்தான் செய்வேன். ஒன்றைக் கேட்டவர்களிடம் கொடுப்பேன், இன்னொன்றில் தேதியும் அளவும் எழுதிய சீட்டைக் கட்டிச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவேன். இந்த விஞ்ஞானிகளுக்கு எதையும் கீழே போட்டு உடைக்காமல் இருக்கத் தெரியாது, அதனால் வந்த பழக்கம். அந்தச் சுவரில் மூன்றாவது வரிசையில் ஒரு கறுப்பு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். தேதி, அதன் கீழே 'கண்ணாடிக்குப் பள்ளம் 1 மி.மீ.'

தேதியை இன்னொரு தடவை படித்தேன்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. லேசர் அறைக்கு மேலே கூரை வேலை நடந்தது, சுண்ணாம்புத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அரக்கப்பரக்க ஓடி வந்தாள். முதல் மின்னல் போகிற கறுப்புக் குழாயின் முடிவில் அதற்கு முந்தின மாதம்தான் புதுக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தார்கள், அதன்மேல் தூசி விழுந்தால் பாழ். நுண்ணோக்கியில் வைக்கிற ஸ்லைடு ஒன்றை வெட்டி, அந்தக் குழாயின் வாயை மூட ஒரு வளையம் வேண்டும், இன்றைக்கு மட்டும், உடனே வேண்டும் என்றாள். கடைந்து, கறுப்பு அடித்துக் கொடுத்தேன். ஸ்லைடு துண்டைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே என் மேசைத் தொலைபேசி அடித்தது. அவள் கணவருக்கு நெஞ்சுவலி, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அவள் முகம் வெளுத்துவிட்டது. "இத மாட்டிட்டு ஓடிடறேன்" என்று வளையத்தோடு படியிறங்கினாள். பதினோரு நாள் லீவு. திரும்பி வந்தபோது கூரை வேலை முடிந்திருந்தது, லேசர் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பெண் புது மூலக்கூறை வைத்து அளக்க ஆரம்பித்திருந்தாள். மனுஷன் பிழைத்து வந்துவிட்டார். வளையத்தை யாரும் நினைக்கவில்லை.

மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு ஸ்லைடை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர். ஒன்று எப்படி ஒன்றரை ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பேய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? உடனே எழுந்து ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. வளையத்தை ஆணியிலிருந்து கழற்றி, சீட்டோடு, மேசை இழுப்பறையில் பழைய துணிக்கடியில் வைத்தேன்.

அக்காவுக்காகத்தான். இன்னும் பதினான்கு மாதத்தில் ஓய்வு. பேராசிரியரிடமே மாணவர்கள் முன்னால் கையெழுத்து வாங்கியவள், நோட்டில் எழுதாமல் விட்டாள் என்று தெரிந்தால் மூன்றாவது மாடிக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த நோட்டைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது? பட்டமா, பதவியா? அந்தப் பெண்ணுக்கு வயசிருக்கிறது, குழு எதையாவது கண்டுபிடித்துச் சமாளித்துக்கொள்ளும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, இல்லையா?

சனிக்கிழமை மதியம் அந்தப் பெண்ணே பட்டறைக்கு வந்தாள். ஏழெட்டு வயசு கூடின மாதிரி இருந்தாள். ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, நீங்க எல்லார்கிட்டயும் பேசறவரு. என்னப் பத்தி..." என்று நிறுத்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீ தைரியமா இரு."

"நான் எண்ணை மாத்தலண்ணா. ஒரு எண்ணைக்கூட மாத்தல. ஆனா ராத்திரி படுத்தா, மாத்திட்டேனோன்னு எனக்கே... எங்க அம்மாகூட ஃபோன்ல, 'உண்மையச் சொல்லுடி'ன்னு கேக்கறாங்க."

நான் போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவள் முழங்கால் என் மேசை இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது. துணிக்கடியில் வளையம் கிடந்தது. நான் மென்று விழுங்கிக்கொண்டு, மழை வரும்போல் இருக்கிறது என்று ஏதோ உளறினேன்.

திங்கட்கிழமை தூசியம்மா மறுபடி வந்தாள். நான் தலை நிமிராமல் லேத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குள் மெதுவாக ஒரு சுற்று வந்தாள். சுவருக்கு முன்னால் நின்றாள். டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் அடித்தாள், அறையில் கண்ணாடியைப் பார்ப்பாளே, அதே மாதிரி.

"இங்க என்ன தொங்கிச்சு?"

நான் லேத்தை நிறுத்தினேன். காலி ஆணிக்குக் கீழே, சுவரெல்லாம் இரும்புத் தூசி சாம்பல் நிறத்தில் படிந்திருக்க, வட்டமாக ஒரு சுத்தமான இடம் வெள்ளையாகத் தெரிந்தது. பத்து மாதத் தூசி அந்த வட்டத்தில் மட்டும் படியவில்லை. கூடவே சீட்டு அளவுக்கு ஒரு சின்னச் சதுரம். தூசி படிந்த சுவரிலிருந்து எடுத்து இவளிடம் மறைக்கப் பார்த்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அந்த வட்டத்தின் இரண்டு விளிம்பிலும் வைத்து அளந்தாள். விரலை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்த விரல்களுக்கு அந்தக் குழாய் தெரியும். அவள் முகம் வெளுத்துப் போவதை நான் பார்த்தேன்.

"ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர்" என்றாள், சுவரைப் பார்த்து. "உள்ள முட்டித் திரும்பினா ரெண்டு. கண்ணாடிக்குள்ள வெளிச்சம் மெதுவாப் போகும், காத்துல ஒண்ணுன்னா அதுல ஒன்றரை. அப்ப ரெண்டு, மூணாயிடும். என் தள்ளுகண்ணாடி ஒன்றரை நகர்ந்தா, போக வர மூணு." திரும்பினாள். "எடு அத."

இழுப்பறையைத் திறந்து கொடுத்தேன். சீட்டில் தேதியைப் படித்தாள்.

"நாப்பத்து மூணும் மேசைல இருக்கான்னு பார்த்தேன்ப்பா. மேசைல இருக்கறதெல்லாம் நாப்பத்து மூணுல இருக்கான்னு பார்க்கல. அந்த வளையம் தினமும் என் கண்ணுலதான் படுது. நான் மாட்டினது, அதனால சந்தேகமே வரல." பிறகு என்னைப் பார்த்தாள். "இத எனக்காகவா மறைச்ச?"

"ஆமாக்கா."

"நான் கேட்டனா?"

திருதிருவென்று விழித்தேன். அவள் வளையத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கையில் இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பேராசிரியர் நல்லவர்தான். விஷயம் கேட்டதும் அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாராம். பிறகு, "கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம்மா. வளையத்த யாரு மாட்டினாங்கன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?" என்றாராம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள் என்று அவரே பின்னால் சொன்னார். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்பதை அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை குழு வந்தது. வளையத்தைச் செய்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இருட்டாக்கிய அறையில் மூன்று பெரிய மனிதர்கள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள், காலில் தூசியம்மா கொடுத்த துணி உறை. அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள், உள்ளே வரலாமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவள் போல. தூசியம்மா லேசரை ஏற்றினாள். முதலில் குழாயில் வளையத்தோடு அளந்தாள். திரையில் கோடு ஆடியது, அடங்கியது, ஒன்றரையில் மறுபடி லேசாக ஆடியது. வளையத்தைக் கழற்றினாள். ஒன்றரையில் ஒன்றுமில்லை, தட்டையான கோடு. மாட்டினாள், வந்தது. கழற்றினாள், போனது. ஒவ்வொரு அளவுக்கும் அரை மணி நேரம். ஐந்து தடவை செய்தாள். யாரும் உட்காரவில்லை.

குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கருவிக் கோளாறு. மாணவிமேல தப்பில்ல. எழுதிக்கலாமா?" என்றார். பேராசிரியர் வேகமாகத் தலையாட்டினார்.

"கருவிக்கு ஒரு கோளாறும் இல்ல சார்" என்றாள் தூசியம்மா. பச்சை நோட்டை எடுத்து, பத்து மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அந்தத் தேதிக்கு எதிரே, இன்றைய தேதியும் போட்டு, நாற்பத்து நாலு என்று எண் கொடுத்து எழுதியிருந்தாள். "இத மாட்டினது நான். எழுதாம விட்டது நான். மேசைல எதுவும் மாறலன்னு அடிச்சுச் சொன்னதும் நான், அதனாலதான் இந்தப் பொண்ணு அந்த ஆட்டத்த நம்பினா." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "கடிதம் வந்த அன்னிக்கு, இவமேல ஒரு கண்ணு வைங்கன்னு சார்கிட்ட போய்ச் சொன்னதும் நான்தான்."

கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பேராசிரியர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் நிமிர்ந்து, நான் பார்த்து முதல் தடவையாக, தூசியம்மாவை நேராகக் கண்ணுக்குக் கண் பார்த்தாள்.

"என்னை நீங்க நம்பலையா?"

"நம்பல" என்றாள் தூசியம்மா. "யாரையுமே நம்பல. என்னைத் தவிர." நோட்டை மூடி வைத்தாள். "மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரலடி. நாளையிலேர்ந்து நான் மேசையப் பார்த்து முடிச்ச பிறகு, நீ ஒரு தடவை பாரு. மேசைல இருக்கறதெல்லாம் நோட்டுல இருக்கான்னு பாரு. நான் சொன்னேன்னு எதையும் நம்பாத."

கழுத்தில் கிடந்த அறைச் சாவியைக் கழற்றி நீட்டினாள். அந்தப் பெண் உடனே வாங்கவில்லை. வெகு நேரம் அந்தக் கை நீண்டபடி இருந்தது. அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

என் பெயர் அங்கே வரவே இல்லை. பட்டறைச் சுவரில் ஜோடி வளையம் இருந்தது, அதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொன்னாள் தூசியம்மா. இழுப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்தோம் என்று வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண் பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரில் அந்தக் காலி ஆணியையும் அதன் கீழே இருந்த வெள்ளை வட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கலாம். அக்கா எனக்காக அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஆனால் நேற்று அந்த இருட்டறையில் அக்கா நின்ற விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவள் மனசுக்குள் நாட்களை எண்ணினாள். "சனிக்கிழமை நான் வந்தேனே."

"வந்தே."

"டீ வாங்கிக் குடுத்தீங்க."

"ஆமாம்மா."

அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் எல்லா வாக்கியத்தையும் முடித்தாள்.

அவளுக்குப் பட்டம் கிடைக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், முதல் ஆட்டத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். தூசியம்மா ஓய்வுபெற்ற அன்று பச்சை நோட்டை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி பதினான்கு மாதம் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கையெழுத்து இருக்கிறது. இப்போது அக்கா வீட்டில் கணவரோடு இருக்கிறாள். மாத்திரை டப்பாவை அவள் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, அவரை ஒரு தடவை சரிபார்க்கச் சொல்கிறாளாம். "ஓய்வு எனக்கா அவளுக்கான்னே தெரியல" என்கிறார் மனுஷன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை நிலைய நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்கிற பக்கத்தை மட்டும் நான் போய்ப் பார்த்தேன். பேராசிரியர் இருக்கிறார், அவளுடைய அம்மா இருக்கிறாள், ஏசி மெக்கானிக் இருக்கிறார், துப்புரவுக்காரர் இருக்கிறார். தூசியம்மாவின் சொந்தப் பெயர் எல்லாருக்கும் மேலே, தனி வரியில் இருக்கிறது. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தேன். நான் இல்லை.